ராணுவ ஏலத்து லாரியை வாங்கித் தோட்டத்துக்கு ஓட்டலாமா?

கொல்லிமலையில் மிளகும் காபியும் போட்டிருக்கும் ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "ராணுவத்தில் கழித்துவிடும் ஃபோர் வீல் டிரைவ் லாரி (நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ளது) ஏலத்தில் மலிவாகக் கிடைக்கிறதாமே. ஒரு அசோக் லேலண்ட் ஸ்டாலியன் எடுத்துத் தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாமா? எங்கே வாங்குவது, எதைப் பார்த்து வாங்குவது?"

வாங்கலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது, நன்றாக ஓடக்கூடிய வண்டிகளும் கிடைக்கின்றன. நான் ராணுவத்தில் ஈ.எம்.இ. பிரிவில் வண்டி மெக்கானிக்காக இருந்துவிட்டு இப்போது ஊரில் பட்டறை வைத்திருப்பவன். இந்த வண்டிகளில் சரிசெய்யவே முடியாத கோளாறு என்று நான் பார்த்தது மிகக் குறைவு. கொல்லைப்புறத்தில் நின்று துருப்பிடித்துப் போனவை பெரும்பாலும் காகிதம் சரியில்லாதவை. அதனால் வண்டியைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன்னால் காகிதத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

ராணுவத்தில் ஓடும் வண்டிக்கு ஆர்.டி.ஓ. பதிவு கிடையாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-ஆவது பிரிவுப்படி, பாதுகாப்புப் பணிக்கான மத்திய அரசு வண்டிகளைத் தனி அதிகாரியே பதிவு செய்துகொள்ளலாம். அதனால்தான் நம்பர் பிளேட்டில் மேல்நோக்கிய அம்புக்குறி, பிறகு இரண்டு இலக்கத்தில் ஆண்டு, ஓர் எழுத்து, வரிசை எண், கடைசியில் இன்னோர் எழுத்து என்று இருக்கும். அந்த இரண்டு இலக்கம் வண்டி ராணுவத்துக்குள் வந்த ஆண்டு. ஏலப் படங்களில் பிளேட் தெரிந்தால் வயதை அப்போதே கணக்குப் போட்டுவிடலாம். வண்டி அரசின் கையைவிட்டுப் போன மறுகணம் இந்தச் சலுகை போய்விடும். மற்ற வண்டிகளைப் போல 39, 40 பிரிவுகளின்படி நீங்கள் இருக்கும் ஊர் ஆர்.டி.ஓ.விடம் பதிய வேண்டும்.

அப்படிப் பதிய, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 47-ஆவது விதி ஒரு காகிதத்தைத் தனியாகக் கேட்கிறது: ராணுவ வண்டியாக இருந்தால், விற்ற அதிகாரி படிவம் 21-இல் கொடுத்த விற்பனைச் சான்றிதழ், அதுவும் அசல். ஜெராக்ஸ், ரசீது, ஏலத்தில் ஜெயித்த அறிவிப்பு எதுவும் இதற்கு ஈடாகாது. ஆக, ஏல அறிவிப்பைப் படிக்கும்போது உங்கள் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும்: இந்த வண்டி ஓட்டுவதற்கான வாகனமாக விற்கப்படுகிறதா, இரும்பாக விற்கப்படுகிறதா? இரும்பாக விற்றால் படிவம் 21 வராது. என்ஜின் அடித்தவுடன் பிடித்தாலும், டயர் புதிதாக இருந்தாலும், சாலைச் சட்டத்தின் பார்வையில் அது காயலாங்கடைச் சரக்குதான். வெட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தால் பேச்சே இல்லை.

இந்த இடத்தில் சில ஆண்டுகளாக நிலைமை இறுகியிருக்கிறது. 2021-இல் வாகனச் சிதைப்பு மையங்களுக்கான விதிகள் வந்தன. 2023 ஏப்ரல் 1 முதல் 15 வயது கடந்த அரசு வண்டிகளின் பதிவு செல்லாது, அவை பதிவு பெற்ற சிதைப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும் என்று ஆனது. நாட்டுப் பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்குக்கும் நேரடியாகப் பயன்படும் கவச வண்டிகள், சிறப்பு வாகனங்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனாலும் ஏலப் பட்டியலில் 'சிதைப்பு மையங்கள் மட்டும்' என்ற வரியோடு வரும் லாட்டுகளை, அதாவது ஒரே விலைக்கு ஏலம் விடும் தொகுதிகளைப் பார்ப்பீர்கள். அந்த வரி இருந்தால் தனியாள் கேட்கவே முடியாது. "நான் அவர்களிடம் பேசி முழு வண்டியாக எடுத்துத் தருகிறேன்" என்று ஒரு புரோக்கர் சொன்னால், சிதைப்பதற்காக விற்ற வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரும் வேலை அது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அடுத்தது நம்பர். படிவத்தில் இருக்கும் சேஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் வண்டியில் இருப்பதோடு ஓர் எழுத்துகூட மாறாமல் பொருந்த வேண்டும். சேஸ் நம்பரை வண்டியின் அடிச்சட்டகத்தின் பக்கவாட்டில், பெரும்பாலும் வலது முன்சக்கரத்துக்கு அருகில் அடித்திருப்பார்கள். ராணுவ வண்டியில் அதன்மேல் பல பூச்சு பெயின்ட் ஏறியிருக்கும், அதற்கு மேல் கிரீஸும் மண்ணும். கம்பி பிரஷ்ஷை வைத்து அழுத்தித் தேய்க்காதீர்கள், எழுத்தே மழுங்கிவிடும். தின்னரில் துணியை நனைத்துச் சிறிது நேரம் ஒட்டவைத்து, பெயின்ட் ஊறியதும் மெல்லத் துடைத்து எடுங்கள். பிறகு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் பிரதியில் விழும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்கப்போவதும் இந்தப் பென்சில் பிரதியைத்தான். எட்டா ஒன்பதா என்று உங்களுக்கே சந்தேகம் வந்தால் இன்ஸ்பெக்டருக்கும் வரும்.

என்ஜின் நம்பரில் வேறு சிக்கல். ராணுவப் பட்டறைகளில் என்ஜின் படுத்தால், அதைப் பிரித்துச் சரிசெய்யும்வரை வண்டி காத்திருக்காது. சரிசெய்து வைத்திருக்கும் இன்னொரு என்ஜினைத் தூக்கி மாட்டி அனுப்பிவிடுவார்கள். கிளட்ச், கியர் பாக்ஸுக்கும் இதே வழிதான். அதனால் வண்டி முதலில் வந்தபோது இருந்த என்ஜின் நம்பர் ஒன்று, இப்போது மாட்டியிருப்பது வேறொன்று என்பது சாதாரணம். தவறு யாருடையதும் இல்லை. ஆனால் படிவம் 21-இல் பழைய நம்பர் ஏறியிருந்தால் பதிவு அங்கேயே நிற்கும். டிப்போவை விட்டு வண்டி வெளியே வருவதற்கு முன்பே ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்தி வாங்கிவிடுங்கள். வெளியே வந்தபிறகு அதே திருத்தத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் போய்வர வேண்டியிருக்கும், எழுதிக் கொடுத்த அதிகாரி அதற்குள் மாற்றலாகிப் போயிருப்பார்.

நிறத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் ஆசைப்படுவது அதற்குத்தான். ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டுமே உரியது. 121-ஆவது விதி அதைத் தெளிவாகச் சொல்கிறது. வேறு நிறம் அடித்துத்தான் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும். முகப்பில் இருக்கும் மஞ்சள் வட்ட எண், படைப்பிரிவுச் சின்னம் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். பின்னால் குனிந்து பார்த்தால் டிஃபரன்ஷியல் உருண்டையில் வெள்ளை பெயின்ட் அடித்து, அதன்மேல் வெளிச்சம் விழும்படி ஒரு குட்டி விளக்கு வைத்திருப்பார்கள். விளக்கணைத்து இரவில் வரிசையாகப் போகும்போது பின்னால் வரும் டிரைவர் அந்த வெள்ளைப் புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டு வருவார். அதை மட்டும் விட்டுவைக்கலாம், யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

சரி, எங்கே வாங்குவது? ராணுவக் கிடங்குகளின் கழிவு ஏலங்கள் பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. தளத்தில் நடக்கின்றன. உருக்கு அமைச்சகத்தின் கீழ் இருக்கும் பொதுத்துறை நிறுவனம் அது. வாங்குபவராகப் பதிவு செய்துகொண்டு, முன்வைப்புத் தொகை கட்டி, குறித்த நேரத்தில் ஆன்லைனில் கேட்க வேண்டும். அதிகம் கேட்டவருக்கு உடனே கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். பல லாட்டுகள் ஒப்புதலுக்கு உட்பட்டவை. கிடங்கு எதிர்பார்த்த விலை வரவில்லை என்றால் ரத்தாகிவிடும். ஜெயித்த தொகைக்கு மேல் ஜி.எஸ்.டி. வரும், டி.சி.எஸ். (விற்பவர் வசூலிக்கும் வருமான வரி) வரும், குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் தரை வாடகை வரும்.

ஒரு லாட்டில் ஒரே வண்டி இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. நாலைந்து வண்டிகளைச் சேர்த்து ஒரே லாட்டாகப் போட்டுவிடுவார்கள், அதில் இரண்டு வெறும் எலும்புக்கூடாக இருக்கலாம். தனியாள் பலர் ஏலத்தை விட்டுவிட்டு வியாபாரியிடம் போவதற்கு இதுதான் காரணம். வடக்கே இந்த வியாபாரம் பெரிது. ஹரியானாவின் சிர்சா மாவட்டத்தில் இருக்கும் மண்டி டப்வாலி பழைய ஜீப்புகளைப் பிரித்துக் கட்டுவதற்குப் பெயர்போன ஊர். வியாபாரியிடம் வாங்குவதில் தவறில்லை. அவர் அந்த மாநிலத்திலேயே பதிந்து ஆர்.சி.யோடு விற்கிறார் என்றால் அங்கிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபமில்லைச் சான்று) வாங்கி இங்கே மாற்ற வேண்டும். பதியாமல் விற்கிறார் என்றால் அசல் படிவம் 21 யார் பெயரில் இருக்கிறது, அவரிடமிருந்து உங்களுக்கு எந்த வழியில் வந்தது என்ற சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். எங்கோ செத்துப்போன ஒரு ஜீப்பின் ஆர்.சி.யை இந்த வண்டிக்குப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது சேஸ் நம்பரைத்தான்.

யூடியூபில் அமெரிக்காக்காரர்கள் தங்கள் ராணுவத்தின் பழைய எம்35 லாரி வாங்கிக் காட்டுக்குள் ஓட்டுவதைப் பார்த்துப் பலர் இங்கே ஆசைப்படுகிறார்கள். அங்கே எஸ்.எஃப். 97 என்ற அரசுப் படிவத்தை வைத்துப் பதிகிறார்கள், நம் படிவம் 21 போல. அங்கேயும் மாநிலத்துக்கு மாநிலம் தகராறு உண்டு. அந்த லாரிக்கு ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர்தான், அது போனால் நாலா பக்கமும் பிரேக் போய்விடும் என்பதை வீடியோவில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

இப்போது வண்டிகள். சக்திமான் என்ற பழைய ராணுவ லாரி பற்றி இன்னும் பலர் கேட்கிறார்கள். ஜெர்மனியின் எம்.ஏ.என். உரிமத்தில் 1958 முதல் ஜபல்பூரில் செய்தது, 1996-இல் நிறுத்திவிட்டார்கள். அதாவது இளைய சக்திமானுக்கே முப்பது வயது நெருங்கிவிட்டது. மேகாலயாவின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் வடகிழக்கின் மரக்கட்டை வேலையிலும் அது உழைத்த உழைப்பைப் பார்த்தவர்களுக்கு அதன்மேல் தனி மரியாதை. எனக்கும் உண்டு. ஆனால் உதிரி பாகத்துக்கு அஸ்ஸாமிலோ பஞ்சாபிலோ ஆள் வைத்துத் தேட வேண்டிய வண்டியைத் தினசரி வேலைக்கு வாங்கச் சொல்ல மாட்டேன். ஜோங்கா என்ற ராணுவ ஜீப்பும் அதே கதைதான். 1969-இல் தொடங்கி 1999-இல் நின்ற நிசான் வடிவம், நாலு லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். பெட்ரோல் செலவு தாங்காமல் பலர் டீசல் என்ஜின் மாட்டியிருப்பார்கள். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் தொடாதீர்கள்.

ஸ்டாலியன் நம் எண்ணூர் அசோக் லேலண்டின் வண்டி. பாகங்களை அனுப்பி ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் பூட்டினார்கள். ஜப்பானின் ஹினோ கம்பெனி வழியில் வந்த ஆறு சிலிண்டர் என்ஜின், லேலண்டின் சாதா லாரிகளிலும் பழகியது, அதனால் நாமக்கல், சங்ககிரி போன்ற லாரி ஊர்களில் என்ஜின் வேலை தெரிந்த மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை. சிக்கல் நமக்குப் பழக்கமில்லாத பாகங்களில்தான்: இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், இழுவை உள்ள முன் ஆக்ஸில், சக்கரம் திரும்பும் இடத்தில் இருக்கும் ஜாயின்ட். சாதா லாரியில் இவை கிடையாது, கடையில் போய்ப் பெயர் சொன்னால் எடுத்துத் தரமாட்டார்கள். டாடாவின் எல்.பி.டி.ஏ. 713, இரண்டரை டன் வண்டி, அதுவும் ஜபல்பூரில் பூட்டியதுதான். ஸ்டாலியனைவிடச் சிறிய உடம்பு. மாருதி ஜிப்சியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பாகம் எங்கும் கிடைக்கும், அதனாலேயே ஏலத்தில் போட்டி அதிகம், விலையும் ஏறிவிடும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: பெரும்பாலும் ஸ்டார்ட் செய்து காட்டமாட்டார்கள். பேட்டரியே இருக்காது. இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில் என்பதுதான் நிபந்தனை. அடையாள அட்டையோடு குறித்த பார்வை நாளில் போனால் சுற்றிப் பார்க்க விடுவார்கள், அவ்வளவுதான். அதனால் கண்ணாலும் கையாலும் எவ்வளவு தெரிந்துகொள்ள முடியுமோ அவ்வளவு தெரிந்துகொள்ளுங்கள்.

மீட்டரில் இருக்கும் கிலோமீட்டரைப் பார்த்து மயங்காதீர்கள். ராணுவ வண்டி ஓடுவதைவிட நிற்பது அதிகம். குளிர் பிரதேசத்தில் இருந்த வண்டி என்றால், என்ஜின் உறையாமல் இருக்க நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் ஓடவிட்டிருப்பார்கள். கிலோமீட்டர் குறைவாக இருக்கும், உள்ளே தேய்மானம் இருக்கும். நின்ற வண்டியில் முதலில் சாவது ரப்பர். டயரில் பல் முழுதாக இருக்கும், பக்கச் சுவரில் மயிரிழை போல வெடிப்பு ஓடியிருக்கும். அந்த டயரோடு சரக்கை ஏற்றிக்கொண்டு மலை இறங்கக் கூடாது. பிரேக் ஹோஸ், ஆயில் சீல், ரேடியேட்டர் ஹோஸ், டயாஃப்ரம் எல்லாம் மாற்ற வேண்டியவை என்றே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். டீசல் டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், உள்சுவரில் செந்துரு படிந்திருந்தால் பம்பும் நாசிலும் சந்தேகம்தான். ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். பால்காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

பிறகு முன்சக்கரத்தின் உள்பக்கம் படுத்துப் பாருங்கள். ஸ்டியரிங் திரும்பும் உருண்டையைச் சுற்றிக் கறுப்பாகக் கிரீஸும் ஆயிலும் வழிந்து மண்ணோடு காய்ந்திருந்தால் சீல் போய்விட்டது. அது சின்ன வேலை. ஆனால் எவ்வளவு காலமாகப் போயிருக்கிறது என்பதுதான் கேள்வி. தண்ணீர் உள்ளே இறங்கி ஜாயின்ட் துருப்பிடித்திருந்தால் அந்த ஒரு பாகத்துக்காக மாதக்கணக்கில் வண்டி நிற்கும். சேஸில் பட்டைகள் பிடித்திருக்கும் இடங்களையும் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். இரும்பு கணீரென்று சத்தம் கொடுக்க வேண்டும், செதில் உதிரக் கூடாது.

வாங்கியபிறகு ஓட்டிக்கொண்டு வரலாம் என்று டிரைவரை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நம்பர் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, பிரேக் எப்படி என்று தெரியாது. லோ பெட் டிரெய்லர் வாடகையையும் ஏற்றும் கிரேன் கூலியையும் முதல் நாளே விலையில் சேர்த்துவிடுங்கள். 24 வோல்ட் வண்டி, ஆகவே இரண்டு பேட்டரி. பாட்டுப் பெட்டிக்காக ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்தால் இரண்டும் சீக்கிரம் போய்விடும். தனியாக கன்வர்ட்டர் போடுங்கள். எஃப்.சி. காட்ட ஒளிரும் பட்டை, பக்கத் தடுப்பு, பின் தடுப்பு, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று சாதா லாரிக்கு உள்ள எல்லாம் இதற்கும் கேட்பார்கள். சொந்தச் சரக்குதான் ஏற்றப்போகிறேன் என்றாலும் இது சரக்கு வாகனம்தான், பர்மிட், வரி எல்லாம் உண்டு. கார் லைசென்ஸ் வைத்துக்கொண்டு ஸ்டாலியன் ஓட்ட முடியாது.

வேலிக்குள் மட்டும் ஓட்டினால் பதிவு வேண்டாமே என்று கேட்பீர்கள். 39-ஆவது பிரிவு பொது இடத்தில் மட்டுமல்ல, வேறு எந்த இடத்திலும் பதிவில்லாமல் ஓட்டக் கூடாது என்கிறது. அடைத்த வளாகத்துக்குள் மட்டுமே ஓட்டுவதற்கென்று அமைத்த தனி வகை வண்டிக்குத்தான் விலக்கு, சாலையில் ஓடும் லாரி அதில் சேராது. அதோடு கொல்லிமலை நிலங்கள் ஒரே துண்டாக இருப்பது குறைவு. நடுவில் பஞ்சாயத்து ரோடு ஒன்று குறுக்கே போனால் அது பொது இடமேதான்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த லாரிகளின் பின்னால் சிப்பாய்கள் உட்காரும் மடக்குப் பெஞ்சு இருக்கும். தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போக வசதியாகத் தோன்றும். ராணுவத்திலிருந்து வெளியே வந்து சரக்கு வண்டியாகப் பதிந்தபிறகு அதில் ஆள் ஏற்றக் கூடாது. வளைவில் ஒரு முறை கவிழ்ந்தால் எத்தனை வீடு இருளும் என்று யோசியுங்கள், எந்த இன்சூரன்ஸும் கைகொடுக்காது. பெஞ்சைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள்.

உங்கள் இடத்துக்கு வருகிறேன். காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவு. முன்சக்கரத்துக்கும் இழுவை உள்ள லாரியில், அந்த ஜாயின்ட் அனுமதிக்கும் அளவுக்குத்தான் சக்கரம் திரும்பும். சாதா லாரி ஒரே வெட்டில் திரும்பும் வளைவில் ஸ்டாலியன் ஒரு முறை பின்வாங்கித் திரும்ப வேண்டியிருக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் பின்னால் பஸ் நிற்க, இதைத் தினமும் செய்ய முடியாது. லிட்டருக்கு மூன்று நாலு கிலோமீட்டர் என்று டீசலும் போகும். வண்டி மலைமேலேயே இருந்து, தோட்டத்திலிருந்து சோளக்காடு சந்தைக்கும் களத்துக்கும் மட்டும் போய்வரும், அடிவாரச் சரக்குக்கு வாடகை லாரி பிடிப்பேன் என்றால் ஸ்டாலியனை யோசிக்கலாம். மழையில் சேற்றுப் பாதையில் காபி மூட்டையோடு ஏறுவதில் அதை மிஞ்ச ஆள் இல்லை.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஒரு நடைக்கு ஏறும் சரக்கு இரண்டு டன்னைத் தாண்டாது. அதற்கு நான் டாடா இரண்டரை டன் வண்டியைத்தான் தேடுவேன், படிவம் 21 கையில் காட்டுகிற ஆளிடம் மட்டும். ஆறு மாதம் தேடியும் காகிதத்தோடு நல்லது அமையவில்லை என்றால், ஆர்.சி. உயிரோடு இருக்கும் பழைய ஃபோர் வீல் பிக்கப் ஒன்றையும் மழைக்காலச் சேற்றுக்கு ஒரு டிராக்டர் டிரெய்லரையும் வைத்துச் சமாளிக்கலாம். இரண்டுக்கும் உதிரி பாகம் ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் கிடைக்கும்.